பேர் மீன்

என் வீட்டுப் பூனைக்கு நான் தினமும் ஒரு மடவை மீன் போட்டேன். குஞ்சு மடவை இல்லை. வயிற்றில் கொழுப்புக் கட்டி, தொட்டால் விரலில் நெய் ஒட்டுகிற சாண் நீள மடவை. கட்டின புருஷனுக்குக்கூட இவள் இப்படிப் போட்டதில்லை என்று என் நாத்தனார் நாகம்மாள் கோட்டைக்குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மைதான், போட்டதில்லை. நல்ல மீன் விற்கப் போகும், தலையும் வாலும் குழம்புக்கு வரும், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பூனைக்குப் போட்டது புருஷனுக்காகத்தான். அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மீன் ஓடுகிற இடங்களுக்குப் பாடு என்று பெயர். அங்கே வலை போடும் முறை எங்கள் குப்பத்துக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை வரும், அதைப் பாடு நாள் என்போம். அன்றைக்குக் காலையில் ஊர்த் தலைவரான நாட்டார் தெய்வசிகாமணி கரையில் நின்று ஒவ்வொரு ஆம்பளையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பேருக்கு உரியவன் 'இருக்கேன்' என்பான். அவனுக்கு அன்றைக்குப் பங்கு உண்டு. கப்பலேறிப் போனவன் எங்கேயிருந்து 'இருக்கேன்' என்பான்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அவன் வீட்டுப் பூனையைப் பெண்டாட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு வரவேண்டும். பேரைக் கூப்பிட்டதும் ஒரு பச்சை மீனை அதன் முன்னால் போடவேண்டும். பூனை தின்றால் நாட்டாரே 'இருக்கான்' என்று சொல்லிவிடுவார். அதுதான் பேர் மீன். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஆள் கடலோடு போய்விட்டான் என்று அர்த்தம். அடுத்த பாடு நாளிலிருந்து அந்தப் பேர் கிடையாது.

ஏன் பூனை என்று நான் ஒருமுறை நாட்டாரிடம் கேட்டேன். நாயை வைத்தால் எதைப் போட்டாலும் தின்றுவிடும், அப்புறம் ஊரில் ஒருத்தனும் சாகமாட்டான் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

என் வீட்டுக்காரர் ஒல்லாந்தர் கோட்டைக்குப் படகு தள்ளுகிறவர். அவர்களுடைய பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வராது, வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கோட்டைக் கிடங்கிலிருந்து துணிச் சிப்பங்களைப் படகில் ஏற்றி, அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்க்கவேண்டும். அப்படிப் போன ஒரு நாள், கிழக்கே கடல் தாண்டி இருக்கிற பத்தாவியாவிலிருந்து வந்த கப்பலில் பிறந்த பூனைக்குட்டி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அதன் வால் நுனி தூண்டில் முள் போல வளைந்திருந்தது. அந்தப் பக்கத்துப் பூனைகளுக்குப் பிறவியிலேயே அப்படித்தானாம். இந்த ஊனத்தை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று நான் கத்தினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கோணவாலி என்று பேர் வைத்து, கழுத்திலிருந்து வால் வளைவு வரைக்கும் ஒரே இழுப்பாகத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கை மேலே போனால் பூனையின் முதுகு தானாக எழும்பும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒரு தை மாதம், கப்பலில் காய்ச்சல் கண்டு ஆட்கள் செத்துப்போனார்கள், பாய் இழுக்க ஆள் வேண்டும் என்று கோட்டையிலிருந்து கேட்டார்கள். இவர் போகிறேன் என்றார். ஒரு போக்கு, ஒரு வரத்து, ஆடிக் காற்றில் கப்பல் திரும்பும்போது வந்துவிடுவேன் என்றார். கிளம்பும்போது, "பூனைய பாத்துக்கோ" என்றார். என்னைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

ஆடியில் கப்பல் வந்தது, அவர் வரவில்லை. பத்தாவியாவில் இறங்கிப் போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். வேறு கப்பல் ஏறிக் கிராம்பு விளைகிற தீவுக்குப் போனதாக இன்னொருவன் சொன்னான். மறு ஆடியும் வந்து போனது. நாகம்மாள் தினம் சாயங்காலம் முகத்துவாரம் வரைக்கும் நடந்துபோய்ப் பாய்மரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். வந்ததும் என் வாசலில் நின்று, "இன்னிக்கும் இல்ல" என்பாள், நான் கேட்காவிட்டாலும்.

எனக்கு இருந்ததெல்லாம் அந்தப் பாடு நாள்தான். ஏழு நாளுக்கு ஒருமுறை அத்தனை பேர் முன்னால் அவர் பேரைக் கூப்பிடுவார்கள். கோணவாலி மீனைக் கவ்வும். 'இருக்கான்' என்ற அந்த ஒரு சொல் என் காதில் விழும். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஏழு நாளை ஓட்டுவேன்.

அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. பாடு நாளன்று பூனைக்கு வயிறு நிறைந்திருந்தால்? எலி தின்றுவிட்டு வந்து மீனை மோந்து பார்த்துவிட்டுப் போனால்? அவர் போன முதல் மாதமே கஞ்சி ஊற்றுவதை நிறுத்தினேன். எலி பிடிக்கப் போகக்கூடாது என்று பழைய வலைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிவைத்தேன். பல்லிகூடக் கிட்டே வராதபடி பார்த்துக்கொண்டேன். பச்சை மடவையைத் தவிர வேறு ருசி இந்த உலகத்தில் இருப்பதே அதற்கு மறந்துபோகவேண்டும் என்பது என் திட்டம். கோணவாலியும் அப்படியே ஆனது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரு பாடு நாளில்கூட அது என்னைக் கைவிடவில்லை. மற்றவர்கள் பூனை சுணங்கினால் நான் மனசுக்குள் கர்வப்பட்டுக்கொள்வேன்.

இரண்டாவது ஆடி கழிந்த பிறகு அதற்கு மயிர் பிசுபிசுத்தது. பானை மேல் ஏறுகிறது ஏறாமல் ஆனது. மழை வரப்போகிறது, அதனால் மந்தமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, எப்போதும் போல அதன் முதுகில் கை வைத்தேன். அது கத்தியது. பூனை சண்டையில் கத்துகிற கத்தல் இல்லை, வலியில் கத்துகிற கத்தல். கையை எடுத்தேன். கொஞ்சம் பொறுத்து விரல் நுனியால் தொட்டேன். மறுபடியும் கத்திக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் போன பிறகு தினமும் வேலை முடிந்ததும் நான் அந்தப் பூனையைத் தடவிக்கொண்டு உட்காருவேன். அவர் கை போன வழியிலேயே என் கையும் போகும், கழுத்திலிருந்து வால் வளைவு வரைக்கும். அப்படிச் செய்தால் அவர் கைமேல் என் கையை வைத்தது போல இருக்கும். எனக்கு வேறு என்ன இருந்தது? கூடத்தில் அவருடைய துடுப்பு இருந்தது, ஒரு தலைப்பாகைத் துணி இருந்தது. இரண்டுக்கும் சூடு கிடையாது. பூனைக்குத்தான் சூடு இருந்தது. அதையும் தொடக்கூடாது என்று ஆனபோது, அவர் இரண்டாவது முறையாகப் போய்விட்டது போல அழுதேன்.

எங்கள் குப்பத்தில் பூனை வைத்தியம் தெரியாத ஆளே இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒருத்தி கண்ணேறு என்று உப்பு சுற்றிப் போட்டாள். ஒருத்தி வயிற்றில் பூச்சி என்று வேப்பங்கொழுந்துச் சாறு கொண்டுவந்தாள். வாயு பிடித்திருக்கிறது, விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய் என்றாள் நாகம்மாள். தேய்க்கப் போன என் கையை அது கடித்தது, வந்த நாள் முதல் அதுதான் முதல் கடி. நான் செய்த பெரிய வைத்தியம் ஒன்று உண்டு. உடம்பு தேறட்டும் என்று ஒரு மடவைக்கு இரண்டு மடவையாகப் போட்டேன்.

அந்தப் பாடு நாளில் கோணவாலி எழுந்து நிற்கவில்லை. படுத்தபடியே எச்சில் ஒழுக ஒழுக மீனை மென்றது. கரையில் எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பாதி தின்ற பிறகுதான் நாட்டார் 'இருக்கான்' என்றார், அதுவும் தொண்டைக்குள். திரும்பி வரும்போது பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கம்போலக் கோட்டைக்கு மீன் விற்கக் கொண்டுபோகும்போது, கூடையின் அடியில் வைக்கோல் போட்டு அதையும் படுக்கவைத்துக்கொண்டேன். கோட்டைத் துணிக் கிடங்கில் ஆபிரகாம் என்று ஒருவர் இருந்தார். கிடங்கைப் பெருக்குவதும், எலி துணியைக் கடிக்காமல் இருக்க ஒல்லாந்தர் வளர்த்த பூனைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. முப்பது பூனைக்கு மேல் இருக்கும். மனுஷர்களிடம் வாய் திறக்கமாட்டார், பூனைகளிடம் நாள் முழுக்கப் பேசுவார். எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருந்தது.

அவர் அவசரப்படவில்லை. காதை மடக்கிப் பார்த்தார், கறுப்பு அழுக்கு இருந்தால் காதுப் பூச்சியாம், இல்லை. கண்ணில் பீளை இல்லை. தோலில் சொறி இல்லை. வாயைத் திறந்து ஈறு பார்த்தார். நக்கி நக்கி மயிர் விழுங்கினால் வயிற்றில் உருண்டை கட்டும், ஆனால் அதற்கு வாந்தி வருமே என்றார். மூத்திரம் போகிறதா என்று கேட்டார், போகிறது என்றேன். கடுவனுக்குத்தான் அது அடைக்கும், அடைத்தால் மூன்றாம் நாள் போய்விடும், இது பெட்டை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதெல்லாம் தினம் வருகிற நோய், எதுவும் இல்லை என்றார். அப்புறம் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்தார். பூனை அலறியது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டி இருந்தது.

"இதுக்கு இன்னா போடற?" என்று கேட்டார்.

நான் பெருமையாகத்தான் சொன்னேன். தினம் பச்சை மடவை, கொழுத்தது, வேறு எதையும் காட்டுவதில்லை, ஒன்றரை வருஷத்துக்கு மேலாக.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோட்டைச் சமையற்கட்டில் முன்பு ஒரு சமையற்காரன் இருந்தானாம். மீன் வயிற்றுக் கொழுப்பையெல்லாம் வழித்துத் தன்னிடம் இருந்த மூன்று பூனைகளுக்கு மட்டும் போடுவானாம். மூன்றும் இப்படித்தான் தொட்டால் கத்தினவாம். இரண்டு செத்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே கொழுப்பெல்லாம் மஞ்சள் குழைத்து உலர்த்தியது போல இறுகிக் கிடந்ததாம். மூன்றாவதை இவர் கிடங்கில் கொண்டுவந்து விட்டார். மீன் இல்லாமல் எலி தின்று ஒரு மாதத்தில் எழுந்துவிட்டது. அதே ஈற்றில் பிறந்து கிடங்கிலேயே வளர்ந்த பூனைகளுக்கு இது வரவே இல்லை.

"முப்பது வருஷத்துல மூணுக்குத்தான் பாத்தேன். உன்னோடது நாலாவது. மீன நிறுத்து கோவிந்தம்மா" என்றார்.

முடியாது என்றேன். பேர் மீனைப் பற்றிச் சொன்னேன். அவர் வேதக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், எங்கள் கரை வழக்கம் தெரியாதவர், ஆனாலும் சிரிக்கவில்லை. தினமும் வேண்டாம், ஏழு நாளுக்கு ஒன்று போட்டால் என்ன என்று கெஞ்சினேன். நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது, இப்போது இருக்கிற உடம்புக்கு ஒன்றுகூட அதிகம் என்றார். எலிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். தினம் காலையில் வா, தருகிறேன் என்றார்.

அப்படித்தான் நான் கோட்டைக்கு மீன் கொண்டுபோய்ப் போட்டு, எலி வாங்கிக்கொண்டு வந்தேன். குப்பத்தில் இதைவிடப் பெரிய வேடிக்கை அந்த வருஷம் வேறு எதுவும் நடக்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். எலியும் போட்டேன், கோழி ஈரலைக் கஞ்சியில் கரைத்தும் வைத்தேன். முதல் இரண்டு நாள் தொடவில்லை. மடவை எங்கே என்று என் கையையே பார்த்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் நக்கியது. ஐந்தாம் நாள் ஒரு எலியின் பாதியைத் தின்றது. ஆறாம் நாளும் தொட்டால் கத்தத்தான் செய்தது.

பூனை செத்தாலும் பேர் போகும், மீன் போடாவிட்டாலும் பேர் போகும், அதனால் பூனையையாவது காப்பாற்றுவதுதான் புத்தி என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றைக்கு என் புத்தி அப்படி ஓடவில்லை. இந்த ஒரு மீனைத் தின்றுவிட்டால் இன்னும் ஏழு நாள் அவர் பேர் இருக்கும். ஏழு நாளில் ஒரு கப்பல் வராதா? அப்படித்தான் ஆசை பேசியது. ஏழாம் நாள் காலையில், இருந்ததில் ஒல்லியான மடவையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கோணவாலியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். போடுவதாகத்தான் போனேன்.

நாட்டார் பேரைக் கூப்பிட்டார். பூனையை மணலில் விட்டு மீனைப் போட்டேன்.

அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அது திருப்பிக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷம் நான் பழக்கின பழக்கம் போகுமா? வயிறு மணலில் உரச உரச, ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டே நகர்ந்துபோனது. மீன் பக்கத்தில் போய் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. நாட்டார் சொல்லைச் சொல்ல வாயெடுத்துவிட்டார். இன்னும் ஒரு கடி. அவ்வளவுதான் பாக்கி.

நான் குனிந்து அதன் பல்லிலிருந்து மீனைப் பிடுங்கினேன்.

 நாட்டார் என் கிட்டே வந்தார். "இன்னாம்மா பண்ணிட்ட?"

"தின்னா செத்துப்பூடுங்க."

"அது தின்னத்தான் வந்துச்சி. நீதான் புடுங்கிட்ட. இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

"பூனை தின்னலன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் நல்ல மனுஷர். ஆனால் வழக்கத்தை அவர் உண்டாக்கவில்லை, அவரால் மாற்றவும் முடியாது. அடுத்த பேரைக் கூப்பிட்டார். நாகம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"தண்ணி கொல்லல, காய்ச்சல் கொல்லல. நீ கொன்னுட்டடி என் தம்பிய" என்றாள்.

 அவள் சொன்னது பொய் என்று எனக்கே நிச்சயம் இல்லை.

அதன் பிறகு நாகம்மாள் என் வாசலுக்கு வரவில்லை. முகத்துவாரத்துக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். வளையலை உடைக்க இரண்டு பெண்கள் வந்தார்கள், அவர்களை நல்ல வார்த்தை நாலு சொல்லி விரட்டினேன். அடுத்தடுத்த மூன்று பாடு நாளும் நான் கரைக்குப் போகவில்லை. நாட்டார் பேர் கூப்பிடுகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். முனியன் என்பார், முனியனுக்கு அடுத்து லோகநாதன் என்பார். இரண்டுக்கும் நடுவில் அவர் பேர் இருந்த இடத்தில் காது வைத்துக் காத்திருந்து ஏமாந்துபோவேன். தெரிந்தே ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கோணவாலி கூரையிலிருந்து இறங்கி வந்தது. ஏறுகிற பெலம் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மீனுக்கு வருகிறது என்று கூடையைத் தள்ளி வைத்தேன். அது மீனுக்கு வரவில்லை. தலையைக் கொண்டுவந்து என் முழங்கையில் முட்டியது. தொடலாமா என்று பயந்து பயந்து கை வைத்தேன். கத்தவில்லை. கழுத்திலிருந்து வால் வளைவு வரைக்கும் மெதுவாகத் தடவினேன். முதுகு எழும்பியது.

அது அவர் கை இல்லை. செதில் ஒட்டின, முள் கீறின என் கைதான். இத்தனை நாள் நான் தடவினதெல்லாம் அவரைத்தான் என்று அப்போது புரிந்தது. இந்த ஜீவனை நான் ஒரு நாளும் தடவவே இல்லை. அழுதுகொண்டே வெகுநேரம் தடவினேன். அழுகை நின்ற பிறகும் அவர் வேண்டும் என்ற ஏக்கம் ஒரு சொட்டும் குறையவில்லை. அதற்குப் பூனையும் மருந்தில்லை, மீனும் மருந்தில்லை.

மறுநாள் பாடு. கோணவாலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மீன் இல்லாமல் கரைக்குப் போய்ப் பெண்கள் பக்கத்தில் நின்றேன்.  நாட்டார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். முனியன் என்றார். முனியன் 'இருக்கேன்' என்றான். லோகநாதனைக் கூப்பிட நாட்டார் மூச்சு இழுத்தார்.

கட்டின நாளிலிருந்து நான் என் வாயால் சொல்லாத பேர் அது. எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். அந்தப் பேரைச் சொல்ல இனிமேல் ஊரில் யாரும் இல்லை என்றபோது, நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

"கோதண்டம்" என்றேன்.

நாட்டார் திரும்பிப் பார்த்தார். ஆம்பளைகள் எல்லாரும் பார்த்தார்கள்.  பேரைச் சொல்லும் தைரியம் இருந்த எனக்கு, அதற்கான பதிலைச் சொல்லத் தைரியம் வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வேன்? பூனையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதமாக என்னோடு பேசாத நாகம்மாள் எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கான்" என்றாள்.